பல்கலைக்கழகத்தில் முதற் கிழமை

பிள்ளை ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதென்பது நம் குடும்பங்களிற் சிறு காரியமன்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரப் பரீட்சை வரை அந்தப் பிள்ளையின் பின்னால் வீடு முழுவதும் ஓடியிருக்கும். தாய் விடியற்காலையில் எழுந்து தேநீர் வைத்துக் கொடுத்திருப்பாள். தந்தை தமக்கு வாங்க வேண்டியதைத் தள்ளிப் போட்டுவிட்டு ரியூசன் காசு கட்டியிருப்பார். பெறுபேறு வந்து, இசட் புள்ளி வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, ஈற்றில் அனுமதியும் கிடைத்துவிட்டால், வைரவருக்கு வடைமாலை சாத்தாத வீடு நம் ஊரில் உண்டோ?

எம் தமக்கையார் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. மருமகன் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருந்தான். பயணத்துக்கு முதல்நாள் மாலை நாம் அங்கே சென்றபோது, விறாந்தையிற் பெட்டி திறந்தபடி கிடந்தது. உடுப்புகளுக்கு இடமில்லாதவாறு மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் பருத்தித்துறை வடையும் அதனை நிறைத்திருந்தன. மருமகன் அதன் அருகில் அமர்ந்திருந்தான். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"மாமா, முதற் கிழமை அங்க என்ன நடக்கும்?" என்று கேட்டான்.

"பதிவு செய்வார்கள், கூட்டம் வைப்பார்கள், நூலகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்" என்றோம்.

"அதில்லை மாமா. நான் பகிடிவதையைக் கேக்கிறன்."

அடுக்களையிற் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓசை சட்டென்று நின்றது. தமக்கையார் காது கொடுத்துக் கேட்கிறார் என்பது விளங்கிற்று. எமக்கோ உடனே விடை கூற நாவெழவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில், அவனுக்கு நாம் சொன்ன நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டும் வரும் ஆண்டுகளிலும் பெட்டி கட்டவிருக்கும் பிள்ளைகளுக்கு அவை பயன்படக் கூடும்.

முதல்நாள் பெரும்பாலும் வரிசையில் நிற்பதிலேயே கழியும். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் மூலப் பிரதிகளை ஓர் உறையிலும், நிழற்பிரதிகளை வேறோர் உறையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் இட்டுவிட்டு, எழுதுவினைஞரின் முன்னால் எள்ளுருண்டைப் பொதியை வெளியே எடுத்து வைக்கும் நிலை வரலாகாது. பதிவு முடிந்தால் விடுதி. அங்கே கட்டில் எது, அலுமாரி எது, குளியலறை எங்கே என்பன தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து வருவது வரவேற்பும் அறிமுகமும். துணைவேந்தரும் பீடாதிபதியும் பேசுவார்கள். பாடங்களை எவ்வாறு தெரிவது, பரீட்சை எவ்வாறு நடக்கும், எத்தனை விரிவுரைக்குச் சமுகமளிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். பலர் இவ்வேளையில் உறங்கிவிடுவதுண்டு. உறங்கலாகாது. மாணவ ஆலோசகர் எவர், அவரது அறை எங்கே, விடுதிப் பொறுப்பாளர் எவர், சுகாதார நிலையம் எங்கே, மகாபொல புலமைப்பரிசிலுக்கு எங்கே விசாரிப்பது என்பன இந்த நாட்களிலேதான் சொல்லப்படும். அவற்றை ஒரு சிறு கொப்பியிற் குறித்துக்கொள்பவன் பின்னர்த் தடுமாற மாட்டான்.

பின்னர் ஆங்கிலம். இங்கேதான் நம் பிள்ளைகளிற் பலர் முதல் அடி வாங்குகிறார்கள். உயர்தரம் வரை தமிழிலே பௌதிகமும் இரசாயனமும் கற்று மாவட்டத்தில் முன்னுக்கு வந்த பிள்ளை, விஞ்ஞான பீடத்தின் முதல் விரிவுரையில் ஆங்கிலம் மழைபோலக் கொட்டுவதைக் கேட்டு, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எண்ணிவிடுகிறது. அது தவறு. அவனுக்குப் பாடம் தெரியும், சொல்தான் புதிது. பக்கத்திலிருக்கும் காலிப் பிள்ளைக்கும் அநுராதபுரப் பிள்ளைக்கும் அதே இடர்ப்பாடுதான். அவர்கள் சிங்களத்திற் கற்று வந்தவர்கள். இசட் புள்ளியோடு மாவட்டத்தையும் பார்த்தே அனுமதி வழங்கப்படுவதால், இந்நாட்டின் 25 மாவட்டங்களின் பிள்ளைகளும் ஒரே விரிவுரை மண்டபத்தில் வந்து அமர்கிறார்கள். சொல்லப்போனால், நம் பிள்ளை வாழ்வில் முதன்முறையாகச் சிங்களப் பிள்ளையொருவனோடு ஒரே அறையிற் படுத்தெழும்புவதும் அந்தக் கிழமையிலேதான்.

இவ்வளவையும் மருமகன் பொறுமையோடு கேட்டான். கேட்டு முடித்ததும், "சரி மாமா, நான் கேட்டதுக்கு நீங்கள் இன்னும் சொல்லேல்லை" என்றான்.

இனி மறைப்பதற்கில்லை என்று கண்டோம்.

நாம் பல்கலைக்கழகத்திற் பயின்றது இற்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னராகும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டாம். பிழை கட்டடத்தினுடையதன்று; எம்முடையது. முதலாம் வருடத்தில் எம்மையும் மூத்த மாணவர் வதைத்தார்கள். அதனைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. இரண்டாம் வருடத்தில் நாம் மூத்தவர்களானோம். "எங்களுக்குச் செய்தவை, நாங்கள் இவைக்குச் செய்யிறம்" என்பதற்கு மேலாக ஒரு நியாயம் வேண்டுமென்று எம் நண்பர் எவருக்கும் தோன்றவில்லை. எமக்கும் தோன்றவில்லை.

அவ்வாண்டு ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். தகப்பனார் கடற்றொழிலாளி. அந்தக் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதற் பிள்ளை அவன். வந்து நான்கு நாட்களில் அவனுக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விடுதிக் கடிதப் பெட்டியில் அதனைக் கண்டு எடுத்தவர் நாமே. தாயார் எழுதியிருந்தார். அப்பியாசக் கொப்பியின் ஒற்றைத் தாளில், பென்சிலால். அவர் அதிகம் படித்தவரல்லர் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ளகரம் வேண்டிய இடத்தில் லகரமும், றகரம் வேண்டிய இடத்தில் ரகரமுமாக எழுதியிருந்தார்.

அன்றிரவு விடுதியின் பொது அறையில் அவனை ஒரு கதிரையின் மேல் ஏற்றி, அந்தக் கடிதத்தை உரத்து வாசிக்கச் செய்தோம். ஒவ்வொரு பிழையிலும் நிறுத்தி, எழுத்தைச் சொல்லி, "இது சரியோ பிழையோ?" என்று அவனையே கேட்டோம். "பிழை" என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால் நாம் கை தட்டுவோம். இரவிற் குளிருமாம், அப்பாவின் சால்வையைக் கொண்டு போ என்றேனே, நீ கேட்கவில்லையே என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியிலும் இரண்டு பிழைகள் இருந்தன.

அவன் அழவில்லை. இறுதி வரை வாசித்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான். பின்னர் நாமே அவனை அழைத்துச் சென்று தேநீர் வாங்கிக் கொடுத்தோம். வழக்கம் அப்படி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். நாம் அவனை அடிக்கவில்லை. ஒரு விரலாலேனும் தொடவில்லை. ஆகையால் நாம் நல்லவர்கள் என்றும் எண்ணிக்கொண்டோம்.

பல ஆண்டுகள் சென்றபின் ஒரு திருமண வீட்டுப் பந்தியில், எமக்குப் பக்கத்து இலையில் ஒருவர் வந்தமர்ந்தார். தலை நரைத்திருந்தது. "அண்ணை, என்னைத் தெரியுதோ?" என்றார். தெரிந்தது. அவர் அப்போது ஒரு திணைக்களத்திற் பெரிய உத்தியோகத்தர். ஊர்க் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசினோம். அந்த இரவைப் பற்றி நாம் வாய் திறக்குமுன் அவரே மெல்லச் சொன்னார்.

"அம்மா அதுக்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுதேல்லை அண்ணை. நான்தான் எழுத வேண்டாமெண்டு சொன்னனான். ஏனெண்டு கேட்டவ. நான் சொல்லேல்லை. மூண்டாம் வருசம் அவ மோசம் போயிட்டா. அவ கையால எழுதினதெண்டு என்னட்டை இருக்கிறது அந்த ஒரு கடிதந்தான்."

பாயசம் வந்தது. குவளையைக் கையிற் பிடித்தபடியே இருந்தோம். மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கோ அண்ணை, அப்ப எல்லாருந்தானே செய்தவை" என்றார். அவர் பெருந்தன்மையாற் சொன்னார். எல்லாரும் செய்தார்கள் என்பது உண்மையே. ஆயின் அதனால் நாம் செய்யவில்லை என்றாகிவிடுமோ?

இதனை மருமகனிடம் சொல்லி முடித்தபோது, தமக்கையார் அடுக்களை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். எம்மை அவர் பார்த்த பார்வையை இங்கு எழுத இயலவில்லை.

பகிடிவதை என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். பகிடி என்றால் இருவரும் சிரிக்க வேண்டும். ஒருவன் மட்டும் சிரித்து மற்றவன் சிரிக்க முடியாமல் நின்றால் அங்கே பகிடி போய்விட்டது, மிஞ்சியது வதையே. "உன் பெயரென்ன, ஊர் எது, எந்தப் பாடசாலை?" என்று கேட்பது அறிமுகம். "வேண்டாம், எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லவும், சொல்லிவிட்டு அச்சமின்றி அப்பாற் போகவும் ஒருவனுக்கு இடமிருந்தால் அது விளையாட்டு. அந்த இடம் இல்லையென்றால், பாட்டுப் பாடச் சொன்னதாயினும் சரி, கடிதம் வாசிக்கச் சொன்னதாயினும் சரி, அது வதைதான்.

இதனை நாம் மட்டும் சொல்லவில்லை. நாட்டின் சட்டமும் சொல்லுகிறது. 1975இல் இலங்கையின் பல்கலைக்கழக விடுதியொன்றில், வதைக்கு அஞ்சிய மாணவி ஒருத்தி மாடியிலிருந்து குதித்து நடக்க இயலாதவளானாள். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாக உயிரையே இழந்தான். அதற்கடுத்த ஆண்டில், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதை புரிந்தவருக்கு 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டுகள் வரை. இச்சட்டம் உடற்காயத்தை மட்டும் கூறி நிற்கவில்லை என்பதைப் பலர் அறியார். உளத்துக்கு ஊறு, மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிப்பதும், விளைவிக்கக் கூடியதாயிருப்பதும் பகிடிவதையே என்று அது வரையறுக்கின்றது. அந்தக் கதிரையின் கீழ் நின்று கை தட்டிய நாம், இச்சட்டத்தின்படி குற்றவாளிகள்.

மூத்த மாணவர் சிலர் இதற்கு மறுமொழி வைத்திருப்பார்கள். ஏழையையும் பணக்காரனையும் ஒரே தரத்துக்குக் கொண்டு வருகிறோம், கூச்சத்தைப் போக்குகிறோம், ஒற்றுமையை வளர்க்கிறோம் என்பார்கள். நாமும் அன்று அவ்வாறே சொன்னோம். ஆனால் அன்றிரவு கதிரையில் ஏறியவன் கடற்றொழிலாளியின் மகனேயன்றிப் படித்த வீட்டுப் பிள்ளையல்லன். படித்த தாய் எழுதிய கடிதத்தில் நாம் சிரிக்க என்ன இருந்திருக்கும்? சமத்துவம் என்று சொல்லிக்கொண்டு எளியவனையே தேடிப் பிடித்தோம். எல்லாரையும் ஒன்றாக அஞ்ச வைத்தால் அதற்கு ஒற்றுமை என்று பெயர் வராது.

மருமகன் கேட்டான்: "அப்ப ஆராவது அப்பிடிச் செய்தால் நான் என்ன செய்யிறது?"

நாம் சொன்னோம்: முதலாவது, தனியே இராதே, உன்னைப் போன்ற புதியவர் இருவர் மூவரோடு சேர்ந்து நட. இரண்டாவது, மரியாதையாகவும் தெளிவாகவும் மறுத்துச் சொல், சண்டை பிடிக்காதே. மூன்றாவது, மறைக்காதே. மாணவ ஆலோசகரிடம் போ, விடுதிப் பொறுப்பாளரிடம் போ. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரே முறையிடலாம். நான்காவது, வீட்டுக்குச் சொல். "அம்மா பயப்பிடுவா" என்று எண்ணி விழுங்கிக்கொள்ளும் பிள்ளைகளே கூடுதலாக வருந்துகிறார்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை அவ்வாறு சொல்லும்போது, "எல்லாருக்கும் நடக்கிறதுதானே, பொறுத்துக்கொள்" என்று விடை கூறாதீர்கள். அந்தச் சொல்லே கதவைச் சாத்திவிடும்.

மறுநாள் ஏ-9 வீதி வழியே கண்டிக்குப் பயணமானோம். கண்டியிலிருந்து பேராதனை 6 கிலோமீற்றர் அளவிலுள்ளது. கலஹா வீதியில் திரும்பியதும் இருபுறமும் மரங்கள். ஒரு பக்கம் மகாவலி. மறுபக்கம் ஹந்தானை மலை. மருமகன் வாய் பேசாமற் பார்த்துக்கொண்டு வந்தான். நாம் அவனுக்குப் பழங்கதை சொன்னோம். இந்நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906இலேயே இயக்கம் நடத்தினார். 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1952இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அருணாசலம் அதனைக் காண இருக்கவில்லை, 1924இலேயே மறைந்துவிட்டார். இன்று அவர் பெயரால் ஒரு விடுதி நிற்கின்றது. 1960களிற் பேராசிரியர் வித்தியானந்தன் நம் நாட்டுக்கூத்தை மெருகூட்டி மேடையேற்றியதும் இந்தப் பேராதனையிலிருந்துதான். "கர்ணன் போர்" 1962இலும் "இராவணேசன்" அதன் பின்னரும் வந்தன. "இது உன் வீடுந்தான், விருந்தாளிபோல ஒதுங்கி நில்லாதே" என்றோம்.

பதிவு முடிந்தது. விடுதி வாசலிற் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினோம். பேருந்தில் ஏறும்வரை தமக்கையார் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறியபின் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை இரவு மருமகன் தொலைபேசியில் எம்மை அழைத்தான். குரலில் உயிர் வந்திருந்தது.

"பேர், ஊர் எல்லாம் கேட்டவை மாமா. ஒரு பாட்டுப் படிக்கச் சொன்னவை. எனக்கு வராதெண்டு சொன்னன். சரியெண்டு விட்டிட்டினம்."

அறைத்தோழன் மாத்தறையிலிருந்து வந்தவனாம். இருவரும் அரைகுறை ஆங்கிலத்திற் கதைத்து, சரிவராத இடத்திற் கையைக் காட்டிச் சமாளிக்கிறார்களாம். எள்ளுருண்டையில் அரைவாசி அவன் வயிற்றுக்குப் போய்விட்டதாம். விரிவுரை விளங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த இவனை, மட்டக்களப்பைச் சேர்ந்த மூன்றாம் வருட மாணவர் ஒருவர் கண்டு, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாரும், குப்பி வைக்கிறம்" என்றாராம்.

குப்பி என்றாற் பயந்துவிடாதீர்கள். மூத்த மாணவர் இளையவருக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களில் வழங்கும் பெயர் அது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். நாமும் அத்தகைய குப்பிகளில் இருந்து படித்தவரே. வதைத்த மூத்தவர்களின் பெயர்கள் எமக்கு மறந்துபோயின. குப்பி வைத்து எமக்குக் கணிதம் விளக்கிய ஒருவரின் பெயரும் ஊரும் குரலும் இன்றும் நினைவில் உண்டு. கூச்சத்தைப் போக்கவும் ஒற்றுமையை வளர்க்கவும் விரும்பும் மூத்தவருக்கு இதனைவிட நல்ல வழி வேறு ஏது?

பேச்சை முடிக்கும் வேளையில் மருமகன் சற்றுத் தயங்கினான்.

"மாமா, அம்மா நெடுக எடுக்கிறா. சாப்பிட்டியோ, குளிருதோ எண்டு. பெடியளுக்கு முன்னால கதைக்க ஒரு மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் குறைச்சு எடுக்கச் சொல்லட்டோ?"

"சொல்லாதே" என்றோம். எம் குரல் எமக்கே கடுமையாகக் கேட்டது. பின்னர் மெதுவாகச் சொன்னோம்: "சிரிச்சால் சிரிக்கட்டும் தம்பி. அம்மா எடுத்தால் நீ கதை. அடுத்த வருசம் நீயும் மூத்தவன். அப்ப புதுசா வாற பிள்ளையின்ரை அம்மா எடுத்தால், அவன் கதைச்சு முடியுமட்டும் நீ சத்தம் போடாமல் இரு. அது போதும்."

மருமகன், "ஓம் மாமா" என்றான்.

முதற் கிழமை புதிய மாணவனுக்குச் சோதனை என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அது மூத்த மாணவனுக்கே சோதனை. அதில் நாம் ஒருமுறை தவறினோம். அதனை மறுபடி எழுத எவரும் இடம் தரமாட்டார். இவ்வாண்டு மூத்தவராகும் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை இன்னும் முன்னால் இருக்கிறது. அவர்கள் நன்றாகத் தேறுவார்களாக.